இரண்டாம் ஓலை

மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என்னிடம் இரண்டு சுமைகள் இருந்தன. ஒன்று துணிப்பெட்டி. அது எங்கே விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை. இன்னொன்று கல்லூரிக்குச் சொந்தமான வீடியோ கேமரா. சென்னையிலிருந்து அதை மடியை விட்டு இறக்கவில்லை. தர்மபுரியில் பஸ் மாறியபோது கண்டக்டர் அதைக் கூரைமேல் போடச் சொன்னார். "என்னையும் சேர்த்துப் போட்டுடுங்க" என்றேன். அதன் பிறகு டிக்கெட் கொடுக்கும்போதுகூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது எண்பத்தெட்டாம் வருடத்து மே மாதம். சென்னையில் நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடம் முடிந்து லீவு விட்டிருந்தது. என்ன படிப்பு என்று ஊரில் ஒருவருக்கும் என்னால் விளங்க வைக்க முடியவில்லை. தொடர்பியல் என்று சொன்னால், டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். வீடியோ என்று சொன்னால் உடனே புரிந்துவிடும், ஆனால் தப்பாகப் புரியும். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கவா எம்.ஏ. படிக்கிறாய், அதுவும் பொட்டைப் பிள்ளை, என்பார்கள். தக்காளி விற்ற காசில் என்னை அனுப்பிவைத்த அப்பாவிடமும் சரியாகச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. "எம் பொண்ணு மெட்ராசுல பெரிய படிப்பு படிக்குது" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். சவுரியப்பன் என்றால் குறைவாகப் பேசுகிறவர் என்று ஊரில் பெயர்.

அம்மாவிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். எங்கள் துறைக்கு அந்த வருடம்தான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் படம் வரையலாம். எழுத்துகளை ஆடவும் ஓடவும் விடலாம். கேமராவில் பிடித்த ஒரு முகத்தை அது உள்ளே வாங்கிக்கொண்டு, சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் நாம் கேட்கிற நிறத்தைப் பூசிக் காட்டும். ஏ.சி. போட்ட அறையில் அதை வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மாவுக்குச் சதுரம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. செருப்பு மட்டும் ஏறியது. "கோயில் மாதிரி சுத்தபத்தமா படிக்குதுங்க" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்த அறையின் மேல் பித்து. என் கூடப் படித்த பெண்ணின் மூக்கு திரையில் பச்சையும் மஞ்சளுமாகச் சதுரம் சதுரமாக உடைந்ததைப் பார்த்த நாளிலிருந்து, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மனசு ஒட்டவில்லை. இரண்டாம் வருடத்தில் அந்த அறைக்குள் நாலைந்து பேருக்குத்தான் இடம். லீவில் எடுத்துவரும் வீடியோ தேறினால்தான் அந்த இடம் கிடைக்கும். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஒரு கிராமத்தில் செய்தி எப்படிப் பரவுகிறது என்பது. கோயில், கிணறு, டீக்கடை, சந்தை என்று வட்டங்கள் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி வரைந்து எங்கள் பேராசிரியையிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அம்பெல்லாம் ரொம்ப ஒழுங்கா போகுதே. நிஜத்துல செய்தி இப்படிப் போகாதும்மா. உன் ஊருக்கே போய் எடு, தெரியும்" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "கேமரா ஓடும்போது வாயைத் திறக்காதே. மைக் கேமராவிலேயே இருக்கு. எதிர்ல ஆயிரம் பேர் கத்தினாலும் அது முதல்ல கேட்கறது பின்னால நிக்கறவ குரலைத்தான்."

சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் மாது என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "வா கண்ணு. ரொம்ப சந்தோசம். எல்லாம் நல்லபடியா முடியணும்" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. என் வீடியோவைப் பற்றி இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். ஊருக்குள் நுழைந்ததும் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொருத்தியை இடித்தாள். வீட்டில் அம்மா என் தலையில் எண்ணெயைக் கொட்டித் தேய்த்தாள். சனிக்கிழமையில் ஒருநாளும் கறி எடுக்காத அப்பா, கறி எடுத்துக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, "நல்லா தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு முதுகலைப் படிப்புக்கு இத்தனை மரியாதையா என்று நானும் பெருமையாக எல்லாருக்கும் தலையாட்டினேன். செய்தி பரவுவதை ஆராய வந்தவளின் லட்சணம் அது.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன்பே எங்கள் தேவாலயத்துப் பாதிரியாரான பங்குச்சாமியிடம் அனுமதி கேட்டு, கோயிலின் பக்கவாசல் ஓரம் கேமராவை மூன்றுகால் தாங்கியில் நிறுத்தினேன். சாமி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் பங்குக்குப் புதிதாக வந்தவர், எதிலும் உற்சாகமானவர். "ராஜமேரி, இன்னைக்கே சாயங்காலம் எல்லாருக்கும் போட்டுக் காட்டிருவோம்" என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஜனங்கள் தங்களையே பார்க்கும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் ஆய்வுக்கு உதவும் என்று நினைத்தேன்.

பூசை முடிவில் அறிவிப்புகள் வாசிக்கப்படும் நேரம் எனக்கு முக்கியம். என் படத்தின் முதல் வட்டமே அதுதான். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முகங்கள் எல்லாம் தெரியும்படி அகலமாக வைத்துவிட்டு, கண்ணைக் கேமராவில் பதித்தேன். சாமி காகிதத்தைப் பிரித்தார். மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட வெள்ளிக்கிழமை ஆள் வருகிறது. பள்ளிக்கூடத்துக் கிணற்றில் யாரும் துணி துவைக்கக் கூடாது. ராஜமேரி எடுக்கும் படம் சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் காட்டப்படும். எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நல்ல காட்சி என்று உள்ளுக்குள் குதித்தேன்.

அதற்கடுத்தது கல்யாண ஓலை. எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் ஓலை முடிந்தால் அந்த வாரமே கல்யாணம். செய்தி பரவுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? பொத்தானில் கை வைத்தபடி கவனமாகக் கேட்டேன்.

"சின்னப்பன், ராயம்மாள் இவர்களின் மகன் அல்போன்சும், சவுரியப்பன், லூர்தம்மாள் இவர்களின் மகள் ராஜமேரியும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இது இரண்டாம் ஓலை. இவர்கள் அத்தை மகன், மாமன் மகள் ஆனபடியால் அந்த உறவுத் தடைக்கு மறைமாவட்ட ஆயரிடம் அனுமதி வாங்கப்பட்டிருக்கிறது. வேறு தடை ஏதும் தெரிந்தவர்கள் உடனே என்னிடம் தெரிவிக்க வேண்டும்."

ராயம்மாள் என் அப்பாவின் அக்கா. அல்போன்ஸ் அவர் மகன். ராஜமேரி நான்.

இரண்டாம் ஓலை என்றால் போன ஞாயிறு முதல் ஓலை முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மூன்றாவது. டீக்கடை மாது, களை எடுத்த பெண்கள், தலையில் கொட்டிய எண்ணெய், கறி எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டன. கோபம் என்றால் அப்படிக் கோபம், அதோடு வெட்கமும் வந்தது. ஏமாந்தவர்களுக்கு வருகிற வெட்கம் அது. கேமராவுக்குள் எல்லா முகங்களும் என்னைப் பார்த்து நிறைவாகச் சிரித்துக்கொண்டிருந்தன. அவர்கள் என்னை ஏமாற்றியதாக அந்த முகங்களில் ஒரு துளியும் தெரியவில்லை.

சாயங்காலம்வரை வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அம்மாவிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவாள். அவள் அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். என் பலவீனம் எனக்குத் தெரியும். அப்பாவிடம் கேட்க முடியாது. எங்கள் வீடுகளில் ஒரு பெண் தன் கல்யாணத்தைப் பற்றி அப்பாவிடம் வாய் திறப்பதில்லை, அப்பாவும் மகளிடம் திறப்பதில்லை. சென்னையில் கருத்துப் பரிமாற்றம் என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள்தான் நான். அப்பாவிடம் ஒரு வரி பேச எனக்கு வழி தெரியவில்லை.

கல்யாணம் முடிந்தால் படிப்பு அவ்வளவுதான். அதில் சந்தேகமே வேண்டாம். அல்போன்ஸ் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தார். கம்பெனி கொடுக்கும் வீட்டில் குடித்தனம், காலை ஷிப்டுக்குச் சோறு கட்டுவது, வருடத்துக்குள் ஒரு பிள்ளை. கெட்ட வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். அந்தச் செருப்பில்லாத அறை அதில் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட ஹாலில் யாருமில்லை. சாமான்களைச் சரிபார்க்கிறேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டு, அங்கே உட்கார்ந்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு டேப்பைப் போட்டுப் பார்த்தேன். கோமாரி ஊசி. கிணறு. ஓலை. "வேறு தடை ஏதும் தெரிந்தவர்கள் உடனே என்னிடம் தெரிவிக்க வேண்டும்" என்று சாமியின் குரல் தூரத்தில் கேட்டது. அதற்கடுத்து, காதுக்குள்ளேயே வந்து சொன்னது போல், சாமியைவிடப் பல மடங்கு பலமாக, ஒரு பெண்ணின் குரல்.

"ஐயோ, எனக்கே தெரியாதே."

நான்தான். சொன்னது எனக்கு நினைவேயில்லை. கோயிலில் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. முணுமுணுத்திருக்கிறேன். மைக் மட்டும் கேட்டுவிட்டது. பேராசிரியை சொன்ன முதல் பாடத்திலேயே நான் கோட்டை விட்டிருந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. அல்போன்ஸ் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன், அதனால் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஓலைக்காக லீவு போட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாமல் இருந்தது.

"மேரி, கோயில்ல உன் மூஞ்சியப் பாத்தேன். கேமராவ விட்டு நிமிர்ந்தப்போ" என்றார். "உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க மாமா."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "உனக்குச் சம்மதம்னு எங்கம்மா சொன்னாங்க."

"அத்தை என்கிட்ட பேசியே ஒரு வருசம் ஆவுது."

உள்ளே வந்து மேசையோரம் நின்றார். பிறகு, "நான் வேணாம்னு சொன்னா, பொண்ணுகிட்ட என்னா கொறைன்னு உன்னைத்தான் பேசுவாங்க" என்றார்.

"நான் வேணாம்னு சொன்னா, மெட்ராசுல எவனையோ பாத்து வச்சிருக்கான்னு பேசுவாங்க."

"வச்சிருக்கியா?"

"கம்ப்யூட்டரு ஒண்ணு இருக்குதுங்க மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும். இயர்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். அவர் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. இயர்போனை மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதையா சாயங்காலம் போடப்போற?"

"அந்த இடத்தைத் தள்ளிவிட்டும் ஓட்டலாம்" என்றேன். "இன்னும் முடிவு பண்ணலீங்க."

அவர் போய்விட்டார். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு எரிச்சல்கூட வந்தது.

பொழுது சாயும் முன்பே ஹால் நிறைந்துவிட்டது. பங்குவீட்டு டிவியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள். கருப்பு வெள்ளைதான், வழக்கமாக அதில் தெரிவது பெங்களூர் நிலையத்துக் கன்னடம். அன்று எங்கள் ஊரே அதில் தெரியப்போகிறது என்று ஒரே கூத்து. முன்வரிசையில் சாமி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வருங்கால சம்பந்தி என்ற தோரணையில் ராயம்மாள் அத்தை, கழுத்து நிறைய நகையோடு. அம்மா தரையில். அப்பா எப்போதும் போலக் கடைசியில் சுவரோரம் நின்றார்.

வயரைச் செருகிவிட்டு பொத்தானை அழுத்தினேன். கோயில் கோபுரம் வந்ததும் கைதட்டினார்கள். தங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் கூச்சலிட்டார்கள். "ஆத்தாடி, நான் இவ்ளோ கருப்பா?" என்று யாரோ கேட்க, "டிவியே கருப்புதாண்டி" என்று யாரோ பதில் சொல்ல, சாமியே வாய்விட்டுச் சிரித்தார். கோமாரி ஊசி வந்தது. கிணறு வந்தது. என் விரல், படத்தை வேகமாக முன்னால் ஓட்டும் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தினால் ஓலை சர்ரென்று ஓடிவிடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை.

அப்போது அல்போன்ஸ் எழுந்தார். கூட்டத்தைத் தாண்டி டிவியிடம் போனார். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சத்தத்துக்கான குமிழைப் பிடித்து முழுசாகத் திருப்பினார். திரும்பி வந்து உட்காரும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் விரலை எடுத்துவிட்டேன்.

ஓலை வாசிக்கப்பட்டது. பெயர்கள் வந்ததும் ஹாலில் குலவை போல் ஒரு சத்தம் எழுந்தது. அத்தை நாற்காலியில் நிமிர்ந்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் உடனே என்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று திரையில் சாமி சொன்னார். அடுத்து என் குரல் ஹாலின் ஓடுகளில் மோதுகிற மாதிரி வந்தது.

"ஐயோ, எனக்கே தெரியாதே."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். திரையில் அத்தனை முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன, ஹாலில் அதே முகங்கள் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தன. தப்புப் பண்ணிவிட்டேன், அப்பாவை ஊர் நடுவில் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன். டிவியை அணைக்கப் போனேன்.

"அணைக்காத" என்றார் அப்பா. கடைசிச் சுவரிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி போடு."

டேப்பைப் பின்னால் ஓட்டினேன். மறுபடி ஓலை. மறுபடி என் குரல். அப்பா டிவிக்கு மிக அருகில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லலியா?"

"நான் எப்புடிங்க சொல்றது?" அம்மா எழுந்துவிட்டாள். "அத்தைக்காரிதானுங்களே வந்து வாயில வெல்லம் போட்டுச் சொல்லணும்? உங்க அக்கா சொல்லியிருப்பாங்கன்னு இருந்தேன்."

அது எங்கள் குடும்பத்து வழக்கம். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், அப்பாவின் கூடப் பிறந்தவள் வந்து, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் வைத்து, மாப்பிள்ளை பெயரைக் காதில் சொல்ல வேண்டும். அதுவரை வேறு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் வெல்லத்தைத் துப்பிவிடலாம் என்றும் சொல்வார்கள். துப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தைக்கு மூக்கு விடைத்தது.

"நல்லா இருக்குதே கதை! நான் மாப்ள வூட்டுக்காரியாச்சே. நானே வந்து எம்மவனக் கட்டிக்கோன்னு வெல்லத்தத் திணிச்சா ஊரு காறித் துப்பாதா? பொண்ணு வூட்டுல ஆராச்சும் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். ஊருக்கே தெரியுது, அவளுக்குத் தெரியாதுன்னு எனக்கென்னா கனவா?"

அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. அத்தையே மாமியாராகிவிட்டால் வெல்லம் போடுவது யார் என்று எங்கள் முன்னோர் யாரும் யோசித்து வைக்கவில்லை. நான் வரைந்த அம்புக்குறிகள் எல்லாம் மனசில் ஓடின. கோயில், கிணறு, டீக்கடை, சந்தை. செய்தி எல்லா இடத்துக்கும் போயிருந்தது. என் ஒருத்தியிடம் வருகிற வழியில் மட்டும் யாரோ ஒருவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்திருக்கிறது.

சாமி சங்கடத்தோடு எழுந்தார். "சவுரியப்பன், பொண்ணுக்குச் சம்மதம்னு நீங்கதானே சொன்னீங்க? லீவுக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவான்னீங்க. நானும் இந்த வாரம் கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

"அவ வேணாம்னு சொல்லலீங்களே சாமி" என்றார் அப்பா. "அதனால சம்மதம்னு நெனச்சுட்டேனுங்க."

சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்தார் போலிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா அத்தனை பேருக்கு முன்னால் பேசி நான் பார்த்ததில்லை.

"தடை தெரிஞ்சா சொல்லணும்னு ஓலையில படிச்சீங்களே சாமி. எனக்கு ஒண்ணு தெரியுதுங்க. ஆயர்கிட்ட அனுமதி வாங்கிட்டோம். எம் பொண்ணுகிட்ட இன்னும் வாங்கலீங்க."

சாமி மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "சொல்லு கண்ணு. வெல்லம் எதுவும் இல்ல. நானே கேக்கறேன். உனக்கு என்னா வேணும்?"

எத்தனையோ சொல்லலாம் என்று மத்தியானம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

"படிச்சு முடிச்சிட்டு வரேம்ப்பா. அப்புறம் கேளுங்க."

"சரி" என்றார் அப்பா. அவ்வளவுதான். டிவியைக் காட்டி, "மீதிப் படத்தப் போடு, எல்லாம் ஒக்காந்திருக்காங்க" என்றார்.

அத்தை மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. நகைகள் குலுங்க எழுந்து போனார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அம்மா எத்தனை முறை பலகாரம் கொடுத்தனுப்பினாலும் பாத்திரம் மட்டும் கழுவித் திரும்பி வரும். அல்போன்ஸ் மறுநாள் காலை ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நன்றி என்று சொல்ல எங்களுக்குள் பழக்கமில்லை.

"பின்னாடி நெசமாவே கேக்கலியா மாமா?" என்றேன்.

"உங்கப்பாவுக்குக் கேக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிறும் பூசையைப் படம் பிடித்தேன், ஆய்வுக்கு அது தேவைப்பட்டது. அதே பக்கவாசல், அதே அகலமான காட்சி. அறிவிப்புகளை வாசித்துவந்த சாமி, மூன்றாம் ஓலை வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு காகிதத்தை மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்து, போய்வா என்பது போலத் தலையை ஒருமுறை அசைத்தார்.

சென்னையில் பேராசிரியை அந்த வீடியோவை முழுக்கப் பார்த்தார். ஒரு வட்டத்தைக் காலியாக விட்டு அம்புக்குறிப் படத்தை நான் மாற்றியிருந்ததைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னார். கம்ப்யூட்டர் அறைக்கு என் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு பேனாவால் திரையைத் தட்டினார்.

"ரெண்டு இடத்துல சத்தத்துல கோளாறு இருக்கே. ஒரு இடத்துல நீ பேசறே. கடைசிக் காட்சியில, அப்பா தலையசைக்கிற இடத்துல, மைக் பக்கத்துல யாரோ பெருமூச்சு விடறாங்க. ரெண்டையும் எடுத்துடு."

"முடியாதுங்க மேடம்" என்றேன். "அது ரெண்டும்தான் செய்தி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, போய்ச் செருப்பைக் கழற்று என்றார்.